சிகரெட் பெட்டிக்குள் ஒரு பெண்

சந்தையில் உப்பு விற்கிறவன் சும்மா உட்கார்ந்திருப்பான். உப்பு வேண்டியவர்கள் தாமாக அவனைத் தேடி வருவார்கள். அவனுக்குப் பக்கத்தில் வளையலும் ரிப்பனும் விற்கிறவன்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பான். எந்தப் பொருள் இல்லாமலும் மனிதன் வாழ்ந்துவிட முடியுமோ, அந்தப் பொருளை விற்கத்தான் சத்தம் அதிகம் தேவைப்படுகிறது. இது சந்தையின் விதி.

இந்த விதிக்கு வெகு காலம் விலக்காக இருந்தது புகையிலை. அது இல்லாமல் மனிதன் தாராளமாக வாழலாம். சொல்லப் போனால், அது இல்லாமல் இன்னும் சில வருஷம் கூடவே வாழலாம். ஆனாலும் அது சத்தம் போடாமலே விற்றது. போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கிய இந்த இலை, 1604-ஐ ஒட்டி பீஜப்பூரிலிருந்து அக்பர் சக்கரவர்த்தியின் தர்பாருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மகன் ஜஹாங்கீர் 1617-ல் புகை பிடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுப் பார்த்தார். உத்தரவு ஓலையோடு நின்றது. இலை மட்டும் ஊர் ஊராக நடந்தது.

நடந்து நடந்து எங்கள் கொங்கு நாட்டுக்கும் வந்தது. பல்லடம், அவிநாசி, தாராபுரம், ஈரோடு, பவானி வட்டாரங்களில் முன்னாளில் கிணற்றுத் தோட்டங்களே விவசாயம். கவலை பூட்டி விடியற்காலையில் இறைக்கிற தண்ணீர் சில கிணறுகளில் உப்புக் கரிக்கும். நெல்லுக்கு ஆகாது, வாழைக்கு ஆகாது. ஆனால் மெல்லும் புகையிலைக்கு அந்த உப்புத் தண்ணீரே வாகு. காரம் ஏறும் என்பார்கள். கும்பிட்ட தெய்வம் கைவிட்ட கிணற்றைப் புகையிலை காப்பாற்றியது.

அந்தத் தோட்டத்தில் பெண்கள் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. நாற்று நடுவது அவர்கள். செடி தழைத்ததும் கொழுந்து கிள்ளுவது அவர்கள். கிள்ளிய பிறகு பக்கத்தில் வெடிக்கிற சிம்புகளை ஒவ்வொன்றாக ஒடிப்பதும் அவர்கள். இலையின் பிசின் கையில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோறு கசக்கும். பனியில் நனைந்த இலையை வெகு நேரம் தொட்டால் தலை சுற்றி வாந்தி வரும். இலையிலுள்ள நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் இறங்குகிறது என்று வைத்தியர்கள் பின்னாளில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்தப் பெண்கள் அதை முன்பே அறிவார்கள். பெயர்தான் தெரியாது.

சந்தையில் அந்தப் புகையிலையை வாங்குகிறவர்கள் படம் பார்த்து வாங்கவில்லை. ஒரு துணுக்குக் கிள்ளி மூக்கில் வைத்துப் பார்ப்பார்கள்; பிறகு கடைவாயில் அடக்கிப் பார்ப்பார்கள். வாங்குகிறவர்களில் பாட்டிமார்களும் உண்டு. இடுப்புச் சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. "ஏனுங்க ஆத்தா, காரம் எப்படீங்க?" என்று கடைக்காரர் கேட்பார். "போன வாரத்துது தேவலை" என்பாள் கிழவி. விளம்பரம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும்.

விளம்பரமே இல்லாத இந்த இலையில் எவ்வளவு பணம் புரண்டது என்பதற்குக் கோயமுத்தூர் ஜில்லாவின் சரித்திரத்தில் ஒரு ருசுவான கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மலபாரிலும் கோயமுத்தூரிலும் புகையிலை வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. குடியானவன் கம்பெனி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். மூட்டைகள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையாளத்துக்குப் போகும். கலெக்டர் வில்லியம் காரோவின் கீழ் ஜில்லாக் கஜானாவைக் கவனித்துவந்த காசிச் செட்டி என்பவர், இந்த ஏற்பாட்டுக்குள் தமக்கென்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். ஊழல் வெளிவந்தபோது விசாரிக்க வந்தவர்கள் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும். பிற்காலத்தில் உதகமண்டலத்தை உண்டாக்கிய அதே சல்லிவன்தான். ஆக, கலெக்டர் ஆபீசையே ஆட்டி வைக்கும் அளவுக்குப் புகையிலையில் காசு இருந்தது. ஆனால் அதன்மேல் ஒரு பெண்ணின் முகம் அப்போது இல்லை.

அந்த முகம் எப்போது வந்தது? ஏன் வந்தது? இதற்குப் பதில் தேட நாம் கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது. பதில், ஒரு யந்திரம்.

அமெரிக்காவில், வட கரோலினா ராஜ்யத்திலுள்ள டர்ஹாம் நகரத்தில் வாஷிங்டன் டியூக் என்பவர் தம் பிள்ளைகளோடு புகையிலை வியாபாரம் செய்துவந்தார். சிகரெட்டை அந்நாளில் கையால் சுருட்டினார்கள். கை தேர்ந்த ஆள் ஒரு நாளைக்கு மூவாயிரம் சுருட்டினால் பெரிது. ஜேம்ஸ் பான்ஸாக் என்ற இளைஞர் ஒரு சுருட்டும் யந்திரத்தைக் கண்டுபிடித்தார். டியூக்கின் மகன் ஜேம்ஸ் புக்கானன் டியூக் 1884-ல் அதைத் தம் தொழிற்சாலையில் ஓட்டினார். பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட்! நாற்பது பேர் வேலையை ஒரு யந்திரம் செய்தது.

யந்திரம் சுருட்டிவிடும், பிடிப்பதற்கு யந்திரம் உண்டா? சிகரெட் மலைபோல் குவிந்தது. எல்லோருடைய சிகரெட்டும் ஒரே மாதிரி வெள்ளைக் குழல். கிள்ளி முகர்ந்து பார்த்து வாங்க இது பல்லடத்துச் சந்தை அல்ல. உள்ளே இருப்பதில் வித்தியாசம் இல்லை என்றால், வெளியே வித்தியாசம் காட்ட வேண்டும். 1884-ல் அட்லாண்டா நகரத்தில் டியூக்கின் விற்பனைக்காரர் ஒரு காரியம் செய்தார். ரியா என்ற பிரெஞ்சு நடிகை நாடகம் ஆட அங்கே வந்திருந்தாள். அவளிடம் அனுமதி வாங்கி, அவள் கையில் டியூக் சிகரெட் இருப்பதுபோல் ஆள் உயரப் படம் போட்டு ஒட்டினார். விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று.

அடுத்த படி இன்னும் சாமர்த்தியமானது. அந்நாளைய சிகரெட் பெட்டி மெல்லிய காகிதம். சட்டைப் பையில் நசுங்கிவிடும். நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு சிறு அட்டையைச் செருகினார்கள். வெற்று அட்டையாக ஏன் இருக்க வேண்டும்? அதில் நாடகக்காரிகளின் படத்தை அச்சடித்தார்கள். இறுக்கிப் பிடித்த உடை; அந்தக் காலத்துக்கு மிகவும் குறைந்த உடை. வாங்குகிறவன் ஒரு பெட்டியோடு நிறுத்த மாட்டான். அடுத்த பெட்டியில் யார் இருப்பாளோ என்று பார்க்க இன்னொன்று வாங்குவான். பையன்கள் அப்பாவைத் தொந்தரவு செய்து படம் சேர்த்தார்கள்.

புகையிலைக்குள் பெண் வந்த கதை இதுதான். பெட்டி நசுங்காமல் இருக்க வைத்த அட்டை அவள். அவளுடைய பிற்காலச் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிழவர் வாஷிங்டன் டியூக்குக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. 1894-ல் ஒரு பாதிரியார் அவருக்குக் கடிதம் எழுதி, இந்தப் படங்கள் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்று முறையிட்டார். கிழவர் அதை மகனுக்கு அனுப்பி, இப்படிப்பட்ட விளம்பரம் வாலிபர்களையும் பெண்களையும் பாழாக்கும், இது தப்பு என்று நான் எப்போதுமே எண்ணிவந்தேன் என்று உடன் எழுதினார். மகனோ அப்போது அமெரிக்காவின் சிகரெட் வியாபாரத்தில் பெரும் பங்கைக் கைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். தகப்பன் சொல் கேட்ட பிள்ளைகள் இதிகாசத்தில் உண்டு, வியாபாரத்தில் குறைவு.

அந்த அட்டைகள் நம் தேசத்துக்கும் வந்தன. இங்கிலாந்தின் வில்ஸ் கம்பெனி இந்தியாவில் விற்ற 'ஸிஸர்ஸ்' என்ற சிகரெட்டை நம்மவர்கள் கத்தரி மார்க் என்றார்கள். இங்கேயிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதை விரும்பிப் பிடித்தார்கள். முதல் உலக யுத்தத்தை ஒட்டிய வருஷங்களில் அந்தப் பெட்டிகளுக்குள் வந்த அட்டைகளைப் பார்த்தால் அந்தக் காலமே தெரிகிறது. ஒரு வரிசை 'இந்தியப் பட்டாளங்கள்', 1912-ல் வந்தது. இன்னொரு வரிசை 'நடிகைகள்'. மற்றொன்று 'அழகிகள்'. சிப்பாய்க்குப் பெயர் உண்டு, பட்டாளத்துக்குச் சரித்திரம் உண்டு. பக்கத்திலேயே அழகிக்கு அழகு மட்டும் உண்டு. அதற்குள் 1910-ல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி பிறந்துவிட்டது.

எங்கள் பக்கத்து வெற்றிலை பாக்குக் கடைகளுக்குச் சிகரெட் வந்தபோது அது ஒரு புதிய அந்தஸ்தாக வந்தது. கடை வாசலில் நெருப்புக் கயிறு புகைந்துகொண்டு தொங்கும். பக்கத்தில் ரசம் போன கண்ணாடி. 'பாஸிங் ஷோ' சிகரெட் பெட்டியில் உயரத் தொப்பி வைத்த ஒரு துரை இருந்தார். ஆண் படம் என்றால் தொப்பி, கோட்டு, மிடுக்கு. நீயும் இவரைப்போல் ஆகலாம் என்று அந்தப் படம் சொல்லிற்று. பெண் படம் அப்படிச் சொல்லவில்லை. இவள் உனக்குக் கிடைப்பாள் என்றது. இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும்.

"பெண் படம் போட்டால் என்ன ஐயா தப்பு? நம் கோயில் தூண்களில் இல்லாத பெண்ணா?" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. தூணிலுள்ள பெண்ணைச் செதுக்கிய சிற்பி அவளைக் காட்டி வேறு எதையும் விற்கவில்லை. அவளைப் பார்த்தால் அவளைத்தான் பார்க்கிறோம். அட்டையிலுள்ளவளைப் பார்க்கும்போது அவளைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு கையைச் சட்டைப் பைக்குள் விடுகிறோம். தூணிலிருப்பவளுக்கு இடுப்பு வலிக்கும்போல நிற்கிற ஒயில் உண்டு. காலில் முள் எடுக்கிற காரியம் உண்டு. கண்ணாடி பார்க்கிற கர்வம் உண்டு. அட்டையிலிருப்பவளுக்கு ஒரு காரியமும் இல்லை, சிரிப்பதைத் தவிர.

இப்படி ஆண்களுக்குக் காட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கே சிகரெட்டை விற்றால் என்ன என்ற எண்ணம் கம்பெனிகளுக்கு வர வெகு நாள் ஆயிற்று. பெண் புகைப்பது அந்நாளில் மேல்நாட்டிலும் அவமானம். 1908-ல் நியூயார்க் தெருவில் சிகரெட் பற்றவைத்ததற்காக ஒரு பெண்ணைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆகையால் கம்பெனிகள் பூனை நடை போட்டன. 1926-ல் 'செஸ்டர்பீல்ட்' சிகரெட் விளம்பரத்தில் ஓர் ஆண் புகைக்கிறான். பக்கத்தில் இருப்பவள், கொஞ்சம் என் பக்கமாகவும் ஊது என்கிறாள். அவள் கையில் சிகரெட் இல்லை. ஆசை மட்டும் இருக்கிறது. மூன்றே வருஷத்தில் கைக்கும் வந்துவிட்டது.

வரவழைத்தவர் எட்வர்ட் பெர்னேஸ். மனோதத்துவ மேதை ஸிக்மண்ட் பிராய்டுக்கு மருமான் முறை. 'லக்கி ஸ்டிரைக்' சிகரெட் கம்பெனி அவரை அமர்த்தியது. பெண்கள் தெருவில் புகைப்பதைத் தடுப்பது எது என்று அவர் ஒரு மனோதத்துவ நிபுணரிடம் கேட்டார். சிகரெட்டைச் சுதந்திரத்தின் தீவட்டியாக ஆக்கிவிடு என்ற யோசனை கிடைத்தது. 1929 மார்ச் 31-ம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் நாகரிக ஜனங்கள் உலாப் போகும் நாள். குறித்த இடத்தில் சில இளம் பெண்கள் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு முன்பே தகவல் போயிருந்தது. பெண் விடுதலைக்காக என்று செய்தி பறந்தது. பணம் கொடுத்தது சிகரெட் கம்பெனி என்ற செய்தி மட்டும் பறக்கவில்லை. வோட்டுரிமைக்காகப் பல வருஷம் சிறை சென்ற பெண்கள் சம்பாதித்து வைத்த கௌரவத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

1934-ல் இன்னொரு சங்கடம். லக்கி ஸ்டிரைக் பெட்டி பச்சை நிறம். தங்கள் உடைக்கு அது பொருந்தவில்லை என்று பெண்கள் வாங்கத் தயங்கினார்களாம். பெட்டியின் நிறத்தை மாற்ற முதலாளி மறுத்தார். உடையின் நிறத்தையே மாற்றிவிட்டார் பெர்னேஸ்! பச்சை நடன விருந்து, பச்சைத் துணி, பச்சைத் தொப்பி என்று அந்த வருஷ நாகரிகமே பச்சையாயிற்று. பெண்ணுக்காகப் பெட்டி அல்ல, பெட்டிக்காகப் பெண். அன்று அட்டை என்ன செய்ததோ அதையே செய்தது இதுவும்.

அதே பெர்னேஸ் தம் வீட்டில் மனைவி புகைப்பதைச் சகிக்க மாட்டார். சிகரெட்டைக் கண்டால் எடுத்து ஒடித்துக் கழிவறையில் போட்டுவிடுவார் என்று அவருடைய மகள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஊர்ப் பெண்களுக்குத் தீவட்டி. வீட்டுப் பெண்ணுக்கு வேண்டாம். இதைவிடச் சுருக்கமாக இந்தத் தொழிலை விமரிசிக்க என்னால் ஆகாது.

1968-ல் 'வர்ஜீனியா ஸ்லிம்ஸ்' என்று பெண்களுக்கென்றே மெல்லிய சிகரெட் வந்தது. பாட்டி காலத்துப் பெண் ஒளிந்து புகைத்து அடி வாங்குவாள். இன்றைய பெண் நீண்ட தூரம் வந்துவிட்டாள், கண்ணே என்று விளம்பரம் தட்டிக்கொடுத்தது. அந்த வருஷங்களில் அமெரிக்கச் சிறுமிகள் புகைக்கத் தொடங்குவது திடீரென்று ஏறியதை ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு கண்டார்கள். 1987-ல் அமெரிக்கப் பெண்களைக் கொல்லும் புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயை மிஞ்சி முதலிடத்துக்கு வந்தது. நீண்ட தூரம்தான் வந்துவிட்டார்கள்.

நம் நாட்டில் கம்பெனிகள் நம் குணம் அறிந்து நடந்தன. இங்கே அரைகுறை உடை அழகியைவிடக் குடும்பப் பெண்ணுக்குச் செலாவணி அதிகம். 1960-களில் வந்த வில்ஸ் பில்டர் சிகரெட், ஒருவருக்காக ஒருவர் படைக்கப்பட்டவர்கள் என்று ஓர் இளம் தம்பதியின் படத்தைப் போட்டது. புகையிலையும் பில்டரும்தான் அந்தத் தம்பதி என்பது உட்பொருள். பொருத்தமான தம்பதிகளைத் தேர்ந்தெடுக்கப் போட்டிகூட நடத்தினார்கள். மங்களகரமான விளம்பரம்! சிகரெட் பக்கத்தில் பெண்டாட்டி சிரித்துக்கொண்டு நின்றால், அந்தப் புகைக்குக் குடும்பத்தின் சம்மதம் கிடைத்ததாகிவிடுகிறது. வீட்டில் உண்மைப் பெண்டாட்டி இருமலைக் கேட்டுக்கொண்டு கஷாயம் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் படத்தை யாரும் எடுக்கவில்லை.

1990-ஐ ஒட்டி 'மிஸ்' என்று பெண்களுக்கென்றே ஒரு சிகரெட்டை கோல்டன் டொபாக்கோ கம்பெனி கொண்டுவந்தது. மேல்நாட்டு உடையில் இந்தியப் பெண்கள் விளம்பரத்தில் தோன்றினார்கள். நம் பெண்களிடம் அது பெரிதாக எடுபடவில்லை. 2016-17-ல் அரசாங்கம் எடுத்த கணக்கின்படி இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். ஆனால் அதே கணக்கில் இன்னொரு எண் இருக்கிறது. மெல்லுவது, அடக்குவது, பல்லில் தேய்ப்பது என்று புகையில்லாப் புகையிலை உபயோகிக்கும் பெண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய பதின்மூன்று பேர்.

இந்த எண்ணைப் படித்ததும் எனக்குச் சுருக்குப் பைதான் ஞாபகம் வந்தது. அந்தக் கிழவிக்கு யாரும் தீவட்டி கொடுக்கவில்லை, சுதந்திரம் என்று சொல்லவில்லை. விளம்பரக்காரரின் கண்ணுக்கு அவள் தட்டுப்படவே இல்லை. களையெடுப்பில் இடுப்பு வலி தெரியாமலிருக்கவும், பசியை ஒத்திப்போடவும் அவள் புகையிலையை வாயில் அடக்கினாள். வாயில் புண் வந்து ஆறாமல் போனால், பல்லடத்து ஆஸ்பத்திரிக்கோ கோயமுத்தூருக்கோ போனாள். பெரும்பாலும் காலம் கடந்து போனாள்.

புகையிலையின் உண்மைப் பெண்கள் அவளும் அவளைப் போன்றவர்களுமே. திருநெல்வேலிப் பக்கம் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆயிரம் ஆயிரமாகப் பீடி சுற்றுகிறவள் ஒருத்தி. அவளுக்கு முதலாளி யார், கூலி என்ன என்று கேட்க 1966-ல்தான் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. எங்கள் தோட்டத்தில் சிம்பு ஒடித்துக் கை கசந்தவள் இன்னொருத்தி. லேபிளில் லக்ஷ்மி வந்திருக்கிறாள், நடிகை வந்திருக்கிறாள், ராணி வந்திருக்கிறாள். கறுத்த விரலோடு இவர்களில் ஒருத்தி வந்ததில்லை. பெண்ணைப் பொருளாக்கிக் காட்டியது ஒரு குற்றம் என்றால், பொருளை உண்டாக்கிய பெண்ணைக் காட்டாமலே விட்டது அதன் மறுபாதி. முதல் பாதியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம்.

சட்டம் மெதுவாக வந்தது. 1975-ல் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் போடச் சொன்னார்கள். 1986-ல் பெண்களை ஆபாசமாகச் சித்திரிப்பதைத் தடுக்க ஒரு சட்டம் பிறந்தது. 2003-ல் வந்த புகையிலைச் சட்டம் பத்திரிகை, சினிமா, சுவர் ஆகியவற்றில் விளம்பரம் கூடாது என்றது. 2004 மே முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2009 மே 31 முதல் பெட்டியின் மேல் எச்சரிக்கைப் படங்கள் ஏறின. 2016 ஏப்ரலிலிருந்து பெட்டியின் முகப்பில் நூற்றுக்கு 85 பங்கு இடம் எச்சரிக்கைக்கே போயிற்று. அழகி சிரித்த இடத்தில் இப்போது அழுகிய தொண்டை.

இதோடு கதை முடிந்தது என்று சந்தோஷப்படத்தான் ஆசை. ஆனால் அட்டை வேறு பெட்டிகளுக்குள் போய்விட்டது. புகையிலைப் பெயரையே தாங்கிய ஏலக்காய்க்கும் பாக்குத் தூளுக்கும் நட்சத்திரங்கள் சிரிக்கிறார்கள். ஆண்கள் வாங்குகிற சாமான் எதுவானாலும் பக்கத்தில் ஒருத்தி காரியமில்லாமல் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த தடவை அப்படி ஒருத்தியைப் பார்க்கும்போது வாசகர்கள் ஒரு சின்னப் பரீட்சை செய்து பார்க்கலாம். படத்திலிருந்து அவளை மனசால் எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதை மட்டும் சந்தைக் கிழவியைப்போல் கிள்ளி முகர்ந்து பாருங்கள். வாங்கத் தக்க சாமானாயிருந்தால் அவள் இல்லாமலே வாங்கலாம்.